விரிசல் கண்ட உத்தரமும் நெய்த வலையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் சிமெண்டையும் கம்பியையும் பற்றி எழுதப் புகுவது இம்மலரைப் படிப்போருள் சிலர்க்கு நகை விளைக்கலாம். யாப்பும் அணியும் கற்பவனுக்குக் கட்டட வேலையில் என்ன வழக்கு என்று அவர்கள் வினவுவாராயின், யான் கூறத்தக்க விடை ஒன்றே உண்டு. எங்கள் ஊருக்கு மேலேயுள்ள மலையில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் உத்தரம் வெடித்திருக்கிறது. அதனை யான் கண்டேன். கண்டபின் அதைப்பற்றிப் படியாதிருக்க என்னால் இயலவில்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி அணைக்கு அணித்தாய், கல்வராயன் மலையடியில் உள்ளது. விழுப்புரத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில். மாவட்டம் இளையது, மலை பழையது. சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடியும் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்தவை என்பர். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை நோக்கி ஏறும் பாதையில் வளைவுகள் பல. அப்பாதை எட்டாத சிற்றூர்களுக்கு மூட்டைகள் தலைச்சுமையாக ஏறும். அல்லது இருசக்கர வண்டியின் பின்னே கட்டப்பட்டு ஏறும். என் தாய்மாமன் கொத்தனார். மலையிலுள்ளோர் வீடு கட்ட அவரை அழைப்பது வழக்கம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வீட்டின் கடைக்கால் வேலைக்காக அவர் சென்றபோது யானும் உடன் சென்றேன்.

அவ்வூரின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அறைகள் இரண்டு. ஒன்று பூட்டப்பட்டிருந்தது. பலகணி வழியே நோக்கினோம். கூரைத்தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளிருந்த கம்பிகள் இரண்டு பழுப்பேறி வெளியே தெரிந்தன. கம்பியின் போக்கிலேயே ஒரு வெடிப்பு நீண்டு சென்றது. பிள்ளைகளுள் ஒரு பாதியினர் மற்றோர் அறையிலும், மறு பாதியினர் மரத்தடியிலும் அமர்ந்து படித்தனர். மழை வந்தால் மரத்தடி வகுப்புக்கு விடுமுறை. மலையில் மழை எத்துணை நாள் என்பதை மலையடியில் வாழ்வோர் அறிவர்.

எங்களைக் கண்ட ஒரு சிறுமி மாமன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு, "ஸ்கூலைத் தொறக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். மாமன் விடை கூறவில்லை. திரும்பி வரும்போது, "மாப்பிள்ளை, இதை இடிக்கிறது ஒரு நாள் வேலை. திரும்பக் கட்டுறது எத்தனை நாள் வேலைன்னு மட்டும் யாரையும் கேட்காதே" என்றார்.

நிற்க. இடிக்கச் சொல்வோர்மீது யான் குறை கூற வரவில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் வீழ்ந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆராய்ந்து, பழுதுற்றவற்றை அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. அஃது இன்றியமையாத ஆணை. ஐயத்திற்கு இடமான கூரையின்கீழ்ப் பிள்ளைகளை அமர்த்துவதினும் மரத்தடி நன்று. ஆயினும் என் கருத்து இது: கட்டடங்களைப் பார்வையிடுவோர் 'இடி', 'விடு' என்னும் இரண்டு சொற்களை மட்டுமே எழுதுவதால், காக்கத்தக்க பல உத்தரங்களும் இடிக்கும் வரிசையிலே சேர்ந்துவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது சொல் ஒன்று உண்டு. அதனை 'உடுத்து' என்று யான் சொல்வேன். நெய்த வலையைச் சிமெண்டுச் சாந்தில் பொதிந்து உத்தரத்திற்கு ஆடையாக உடுத்தும் முறை இன்று உலகில் பயின்று வருகிறது. நம் நாட்டிலும் ஆராயப்பட்டுள்ளது. அஃது எங்கள் மலைக்கு ஏறவில்லை என்பதே என் வருத்தம்.

முதற்கண் உத்தரம் ஏன் வெடிக்கிறது என்று காண்போம். எங்கள் பக்கம் கரும்பு மிகுதி. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தவர்க்கு உத்தரத்தின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. முழங்காலைத் தொடும் பக்கம் நசுங்கும். மறுபக்கம் இழுபட்டுப் பிளக்கும். கூரையின் பாரத்தால் வளையும் உத்தரத்திலும் மேற்பக்கம் அழுந்துகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட்டு அழுத்தத்திற்குச் சளைக்காது. இழுப்பிற்கோ அதன் வலிமை பத்தில் ஒரு பங்கே. ஆகவேதான் கீழ்ப்பக்கத்தில் எஃகுக் கம்பிகளை வைத்து வார்க்கிறோம். இழுப்பைக் கம்பி ஏற்கிறது, அழுத்தத்தைக் கான்கிரீட்டு ஏற்கிறது.

இவ்வேற்பாடு கம்பி துருவேறாதவரை நடைபெறும். புதுச் சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கான்கிரீட்டினுள் நுழைந்து அக்காரத்தைக் குலைக்கும். கம்பிக்கு வெளியே கான்கிரீட்டு ஓர் அங்குல அளவேனும் மூடியிருப்பின் நுழைவு நெடுங்காலம் பிடிக்கும். ஆனால் கம்பியைப் பலகைமேல் அப்படியே கிடத்தி வார்த்துவிட்டால், மூடு கனம் அரை அங்குலமும் இராது. மாமன் இதனை ஒப்புக்கொண்டார்: "கவரிங் கட்டை வைக்கச் சொன்னால் வைப்போம்; சொல்லாவிட்டால் யார் வைப்பார்?" காரம் குன்றிய இடத்தில் ஈரமும் காற்றும் சேரத் துரு பிடிக்கும். துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அவ்விடத்தை உள்ளிருந்தே நெம்பிப் பெறுகிறது. மலைப்பள்ளியின் வெடிப்பு கம்பியின் போக்கிலே ஓடியதன் காரணம் இதுவே. பாரம் மிகுந்து உடைந்த உத்தரம் அன்று அது; உள்ளிருந்து நெம்பப்பட்டது.

இத்தகைய உத்தரத்தைக் காப்பதற்கு வழக்கமாக இரண்டு வழிகள் சொல்வர். முதல் வழி, சுற்றிலும் புதுக்கம்பி கட்டி மூன்று அல்லது நான்கு அங்குலக் கனத்திற்குக் கான்கிரீட்டு வார்ப்பது. உறுதியான வழிதான், ஆனால் உத்தரம் பருக்கும், பாரமும் கூடும். இரண்டாவது வழி, கரிய நார்த்தாள்களைச் செயற்கைப் பிசினால் ஒட்டுவது. பாரம் இல்லை, வலிமை பெரிது. எனினும் பிசின் ஈரப்பரப்பில் ஒட்டாது. சுவரின் ஈரத்தை வெளிவிடாது. 60 முதல் 80 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் அதன் இறுக்கம் தளரத் தொடங்கும். தீ நேர்ந்தால் கேட்கவே வேண்டா.

மூன்றாவது வழியில் நார் உண்டு, பிசின் இல்லை. பிசினுக்குப் பதில் நுண்மணற் சிமெண்டுச் சாந்து. நாரைத் தாளாக ஒட்டினால் சாந்து உட்புகாது. ஆதலின் கண்ணுள்ள வலையாக நெய்கிறார்கள். கண்கள் ஒன்று ஒரு சென்டிமீட்டர், அல்லது அதற்குச் சற்றுக் குறையவோ கூடவோ இருக்கும். பாவு நூல் உத்தரத்தின் நீளத்தோடு கிடந்து இழுப்பை ஏற்கிறது; ஊடை அதனை இடம் பெயராமல் பிடிக்கிறது. பாவிழைகள் இரண்டிரண்டாகப் பின்னி ஊடையைக் கவ்வும் நெசவு இதற்கு ஏற்றது; பழைய கொசுவலை நெசவில் இவ்வுத்தி உண்டு. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் நீளமானவை. 'நெய்வலைச் சாந்து' என்று யான் வைத்துக்கொள்கிறேன். பிறர் நன்றாய சொல் தரின் மகிழ்ந்து ஏற்பேன்.

நூல் என்னும் சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. நெசவாளன் கையில் உள்ளதும் நூல்; கொத்தனார் சுவரின் கோணல் பார்க்கப் பிடிப்பதும் நூல்; நாங்கள் வகுப்பில் சுமப்பதும் நூல். நன்னூலார் பாயிரத்தில் பஞ்சிலிருந்து நூற்கும் நூலையும், மரத்தின் கோட்டம் தீர்க்கும் நூலையும் இரண்டையுமே உவமையாக்கினார். உத்தரத்தின் கோட்டம் தீர்க்கும் நூல் ஒன்று வரும் என்று அவர் எண்ணியிரார்.

எந்த நாரும் இதற்கு ஆகாது. பஞ்சு சிமெண்டின் காரத்தில் நாளடைவில் நைந்துபோகும். சாதாரணக் கண்ணாடி நாரையும் அக்காரம் அரிக்கும். மஜூம்தார் என்னும் வங்கப் பெயருடைய அறிஞர் இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் இறுதியில் சிர்க்கோனியா கலந்த கண்ணாடி நாரைக் கண்டார். அது காரத்தைத் தாங்குவது. இன்று அந்நாரும், கார்பன் நாரும், எரிமலைப் பாறையை உருக்கி இழுக்கும் பசால்ட்டு நாரும் வலையாக நெய்யப்படுகின்றன. எஃகைப்போல் இவை துருவேறுவதில்லை. ஆதலின் ஓர் அங்குல மூடு கனம் இவற்றிற்கு வேண்டா. முழுப் பூச்சும் அரை அங்குலத்தில் அடங்குவதன் இரகசியம் இதுவே.

இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பிரெஞ்சு நாட்டு லாம்போ 1848-இல் கம்பிவலையில் சிமெண்டுப் பூசிப் படகு செய்தார். தோட்டக்காரர் மோனியே 1867-இல் அவ்வாறே பூந்தொட்டிக்கு உரிமை பெற்றார். அவர்களுக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே கல்வராயன் மலையாளி மக்கள் மூங்கிற் பிளாச்சில் தட்டி பின்னி, அதன் இருபுறமும் மண் அப்பிச் சுவராக்கி வாழ்ந்தனர். பின்னல் இழுப்பைத் தாங்க, மண் அழுத்தத்தைத் தாங்கியது. அவ்வீடுகளை ஏளனம் செய்து கான்கிரீட்டுக்கு வந்தோம். கான்கிரீட்டைக் காக்கத் தட்டிக்கே திரும்புகிறோம்.

புதுமுறை ஒழுங்காக ஆராயப்பட்டது ஜெர்மனியில். டிரெஸ்டன், ஆகன் ஆகிய இரு நகரங்களின் பல்கலைக்கழகங்களில் 1999-ஆம் ஆண்டு இதற்கெனப் பெரும் ஆராய்ச்சிகள் தொடங்கின. 2006-இல் ஷ்வைன்ஃபுர்ட்டு நகரில் ஓர் உயர்கல்வி நிலையத்தின் மெல்லிய கான்கிரீட்டுக் கூரை, கார்பன் வலை பொதிந்த 15 மில்லிமீட்டர்ப் பூச்சினால் வலுப்படுத்தப்பட்டது. அமெரிக்கக் கான்கிரீட்டுக் கழகம் 2013-இல் இம்முறைக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. நம் சென்னைத் தரமணியில், மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், நெய்வலைக் கான்கிரீட்டில் மெல்லிய பலகைகள் வார்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. உத்தரங்களில் இவ்வலையைப் பூசி, எந்திரத்தால் வளைத்து முறித்தும் ஆராய்ந்திருக்கிறது. தரமணிக்கும் வெள்ளிமலைக்கும் இடையே ஒரு பகற்பயணந்தான்.

வேலை நடக்கும் வகையைக் கூறுகிறேன். முதலில் உத்தரத்திற்கு முட்டுக் கொடுக்கவேண்டும். பெயர்ந்தவற்றை எல்லாம் கொத்தித் தள்ளி, கம்பியின் துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்ந்து மெலிந்த கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்க்கவேண்டும். பள்ளத்தை உரிய சாந்தால் நிரப்பி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, கூர்மூலைகளை மழுக்கவேண்டும். கூர்மூலையில் நார் அறும். பின் பரப்பை நனைத்து, நீர் நில்லாதபடி துடைத்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் சாந்து பூசி, அதன்மேல் வலையைச் சுருக்கமின்றி அழுத்தி, மறுபடி சாந்து, மறுபடி வலை, மறுபடி சாந்து. அடியில் மட்டும் நிறுத்தாது இரு பக்கங்களிலும் மேலேற்றிச் சட்டைபோல் சூழவைப்பது உத்தரத்தின் ஓரங்களில் தோன்றும் சாய்வெடிப்பையும் தடுக்கும். முடிந்தபின் ஒரு வாரத்திற்குக் குறையாமல் நனைத்து வரவேண்டும். கரண்டி, தூரிகை, நீர்: இவற்றுள் மாமனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

மலைக்கு இதனை யான் வற்புறுத்துவதற்குக் காரணம் எடை. யானே ஒரு கணக்குப் போட்டேன். 5 மீட்டர் நீளமும் 230 மில்லிமீட்டர் அகலமும் தளத்தின்கீழ் 300 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள உத்தரத்திற்கு மூன்று பக்கமும் மூன்று அங்குலக் கான்கிரீட்டு உறை வார்த்தால் அதன் எடை 900 கிலோவுக்கு மேல் வரும். அதே உத்தரத்திற்கு 12 மில்லிமீட்டர் நெய்வலைச் சாந்து பூசினால் 110 கிலோவை ஒட்டி நிற்கும். 900 கிலோவை மலைமேல் ஏற்றுவது ஒரு தொல்லை. பலவீனப்பட்ட உத்தரத்தின்மேலேயே ஏற்றுவது அதனினும் பெருந்தொல்லை. முழுக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாய்க் கட்டுவதாயின் ஏறவேண்டிய ஜல்லியையும் மணலையும் கணக்கிட யான் துணியவில்லை. கார்பன் வலையின் விலை எஃகை நோக்க மிகுதி என்பது மெய்யே. ஆனால் வலையின் விலையை மட்டும் எஃகின் விலையோடு ஒப்பிடுவது மலையடியிலிருந்து போடும் கணக்கு.

இனி இம்முறையின் குறைகளையும் மறையாது சொல்லவேண்டும். துருவைத் தேய்க்காமல் மேலே உடுத்தினால், ஆடைக்குள்ளேயே நோய் வளரும். பழைய கான்கிரீட்டே பொடிந்து உதிருமாயின் பூச்சு பற்றுவதற்கு உடம்பு இல்லை. அதனை இடிப்பதே தக்கது. வலையை அடுக்க அடுக்க வலிமை வளர்ந்துகொண்டே போவதும் இல்லை. ஓரளவுக்கு மேற்பட்டால் பூச்சு முழுவதும் உரிந்து வரும், அல்லது நார் சாந்தினுள் வழுக்கும். பழைய வஸ்திரத்தில் கோடித்துணியை ஒட்டுப்போடும் சுவிசேஷ உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். புதுச்சாந்து உலர்கையில் சுருங்கும். நனைத்துப் பேணாவிடில் அவ்வுவமை சொல்வதே நேரும்.

எல்லாவற்றினும் யான் அஞ்சுவது போலியை. கோழிவலையை ஆணியடித்து அதன்மேல் பூசிச் சுண்ணாம்பு அடித்தால், கீழிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வெடிப்பு மறையும்; ஆபத்து மறையாது; எச்சரிக்கை செய்துகொண்டிருந்த ஒரே வாயையும் அடைத்தவராவோம். ஆகவே எந்த உத்தரம் உடுத்தத்தக்கது, எத்தனை அடுக்கு வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லவேண்டும்; பூசும்போது ஒருவர் நின்று பார்க்கவும் வேண்டும். கொத்தனாரின் கைத்திறன் மட்டும் இதற்குப் போதாது. பொறியாளரின் தாட்கணக்கு மட்டும் போதுவதும் இல்லை.

இவ்விருவருக்கும் இடையில் மொழி ஒன்று நிற்கிறது. இங்கேதான் தமிழ் மாணவனாகிய எனக்கும் சிறிது வழக்கு உண்டு. யான் படித்த நூல்களும் கட்டுரைகளும் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. பூசவேண்டியவரோ என் மாமன். வலையை எந்தப் பக்கம் நீட்டவேண்டும், சாந்து எத்தனை மில்லிமீட்டர், மூலை ஏன் மழுங்கவேண்டும், எந்த உத்தரத்தைத் தொடக்கூடாது என்பவற்றைப் பதினாறு பக்கத்தில் படத்துடன் தமிழில் அச்சிட்டால் போதும். தொழிற்பயிற்சி நிலையங்களில் அதனைப் பாடமாக்கலாம். பார்வையிடும் அதிகாரியின் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று சேர்க்கப்படவேண்டும். 'இடிக்க' என்று எழுதுமுன் 'உடுத்தலாகாமைக்குக் காரணம்' என்று ஒரு வரி எழுத அவரைக் கேட்பது மிகையாகாது.

இக்கல்லூரியின் பழைய மாணவரும் பொறியாளருமான ஓர் அன்பர், யான் இதனை விசாரித்துத் திரிவதை அறிந்து, கண்ணாடி நார் வலையில் ஒரு முழம் கொடுத்தார். மே விடுமுறையில் அதனை மாமனிடம் காட்டினேன். விரலால் நெருடிப் பார்த்து, "துணியா தூலத்தைத் தாங்கும்?" என்று நகைத்தார். ஆயினும் அரை அங்குலக் கனத்தில் இரண்டு அடி நீளப் பட்டைகள் இரண்டு வார்த்தார். ஒன்று வெறுஞ்சாந்து, மற்றொன்றில் அடிப்பக்கமாக வலை. இரண்டு வாரம் நனைத்தபின் இரு செங்கற்களின்மேல் பாலம்போல் வைத்து, நடுவில் செங்கல்லாக அடுக்கினோம். வெறும்பட்டை ஐந்தாவது செங்கல்லில் ஓசையுடன் இரண்டாயிற்று. வலைப்பட்டை எட்டாவதில் வளைந்தது, பத்தாவதில் அதன் அடியில் மயிரிழைபோல் ஏழெட்டு வெடிப்புகள் வரிசையாகத் தோன்றின, விழவில்லை. ஒரு பெருவெடிப்பு பல சிறுவெடிப்புகளாகப் பங்கிடப்படுவதே இம்முறையின் உயிர் என்று நூலில் படித்திருந்தேன். மாமன் குனிந்து அவ்வெடிப்புகளை ஒவ்வொன்றாய் எண்ணினார்.

"அந்தப் பள்ளிக்கூடத்து பீமுக்கு இது எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். இரண்டு அடுக்கென்று கொண்டால் ஏறத்தாழ ஒன்பது சதுர மீட்டர் என்றேன். சுருட்டினால் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிடலாம் என்றும், ஆனால் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லாமல் நாம் அதனைத் தொடக்கூடாது என்றும் கூறினேன்.

"அப்படின்னா கூட்டிக்கிட்டு வா" என்றார்.